சங்கம் இருக்கும்போது யூனியன் எதற்கு? – கேள்வி பதில்

கருங்கல், அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) தொழிலாளி: எங்களுக்கு ஏற்கெனவே ஒரு நலச்சங்கம் உண்டு, பதிவும் செய்திருக்கிறோம். தனியாக யூனியன் எதற்கு அண்ணாச்சி?

பதில்: நலச்சங்கங்களை 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில்தான் பதிவார்கள். விழா நடத்த, ஒருவர் வீட்டுக் கஷ்டத்துக்குப் பணம் திரட்ட அது போதும் அக்கா. கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தும்போது அது கைகொடுக்காது.

சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அந்தத் தொழிலாளர்கள் வேலை பார்த்த பின்னி மில்லின் நிர்வாகம் வாடியா மேலும் மற்றவர்கள் மேலும் வழக்குப் போட்டது. வேலையை விட்டு நிற்கும்படி தொழிலாளர்களைத் தூண்டக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அன்று தொழிற்சங்கத்துக்கென்று சட்டமே கிடையாது. அதன் பிறகுதான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார், 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறில் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள் என்பதற்காக மட்டும் பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் மேல் நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. அதற்குப் பதிலாக வந்த 2020 தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அடிதடிக்கு அது பொருந்தாது. பெண்கள் நிறைந்த உங்கள் தொழிலில் தொழிற்சங்கப் பதிவு கட்டாயம் வேண்டும் என்பேன்.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி: எத்தனை பேர் சேர வேண்டும்?

பதில்: விண்ணப்பத்தில் 7 பேர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அங்கே வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். தோட்டத்தில் 300 பேர் என்றால் 30 பேர். எப்படியும் 7க்குக் குறையக் கூடாது.

தக்கலை, ஆட்டோ ஓட்டுநர்: எங்களுக்கு முதலாளியே இல்லையே?

பதில்: பரவாயில்லை. சுயதொழில் செய்யும் அமைப்புசாராத் தொழிலாளரும் தொழிற்சங்கம் வைக்கலாம்.

குலசேகரத்திலிருந்தே இன்னொருவர்: எங்கள் தோட்டத்தில் மூன்று யூனியன். நிர்வாகம் யாரோடு பேச வேண்டும்?

பதில்: புதிய சட்டத்தொகுப்பின்படி, 51 சதவீதத் தொழிலாளர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ அதோடுதான். எதற்கும் அந்த அளவு இல்லையென்றால், தலா 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைக்க வேண்டும். மூன்றாகப் பிரிந்து கிடந்தால் லாபம் நிர்வாகத்துக்குத்தான். போனஸ் பேச்சு தொடங்கும் முன்பே மூன்று சங்கத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து கோரிக்கையை முடிவு செய்யுங்கள்.

களியக்காவிளை, கடைக்காரர்: கேரளப் பக்கம் நோக்குகூலி கேட்கிறார்களே, அது யூனியன் உரிமையா?

பதில்: இல்லை. சுமை தூக்காமல் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்பதைக் கேரள அரசே 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், அங்குள்ள தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள்.