இயந்திரம் கைக்கு வருமுன்

கடிதம்:

வணக்கம் ஐயா. பேராதனையில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இறுதி வருடம் படிக்கிறேன், ஊர் ஹட்டன். நிர்ப்பீடனவியல் ஆய்வுக்குப் போக விருப்பம். விசாரித்த இடங்களில் புளோ சைட்டோமெட்ரியில், அதாவது சாயமிட்ட கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு இனங்கண்டு எண்ணும் முறையில், அனுபவம் கேட்கிறார்கள். நான் அந்த இயந்திரத்தைத் தொட்டதில்லை. எங்கே தொடங்குவது?
ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

இயந்திரத்தை இயக்கச் சில நாட்களில் பழகிவிடலாம். திரையில் தெரியும் புள்ளிக்கூட்டம் உண்மையான கலமா, செய்முறைப் பிழையா என்று பிரித்துச் சொல்லப் பழகத்தான் வருடங்கள் ஆகும். அதை இப்போதே தொடங்கலாம்.

செய்முறை சிறியது. குருதி உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த குருதி 100 மைக்ரோலீற்றர். ஒளிரும் சாயம் பிணைத்த பிறபொருளெதிரி சேர்த்து இருட்டில் 15 முதல் 20 நிமிடம். செங்குருதிக் கலங்களை உடைக்க அமோனியம் குளோரைட்டுக் கரைசலில் 10 நிமிடம். புவியீர்ப்பின் 300 மடங்கு (300 ஜீ) விசையில் 5 நிமிடம் சுழற்றிக் கழுவுதல். சறுக்குவது பெரும்பாலும் இந்த உடைக்கும் படியில்தான். செய்முறைத் தாளில் 'அறை வெப்பநிலை' என்றால் 20 முதல் 25 பாகை. மார்கழிக் காலையில் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ மேசையில் வைத்த போத்தல் அந்தச் சூட்டுக்கு வராது. குளிர்ந்த கரைசலில் செங்கலங்கள் முழுதாக உடையாமல், மிச்சம் நிணநீர்க்கலங்களின் பக்கம் வந்து எண்ணிக்கையைக் கெடுக்கும். வெப்பமானி வைத்துப் பாருங்கள். கூடவே வெண்கலங்களின் மேற்பரப்பிலுள்ள சீ.டி.45 புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரியையும் சேருங்கள்: வெண்கலங்கள் ஒளிரும், செங்கலச் சிதைவு ஒளிராது. செங்கலங்கள் மிஞ்சுகின்றன என்பதற்காக உடைக்கும் நேரத்தை நீட்டவும் கூடாது, வெண்கலங்களும் போய்விடும்.

அடுத்தது கம்பன்சேஷன், அதாவது ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் உணரியில் கசிவதைக் கணக்கிட்டுக் கழிப்பது. எஃப்.ஐ.டி.சி. என்ற சாயத்தின் ஒளி, பி.ஈ. என்ற சாயத்துக்கான உணரியிலும் கசியும். எனவே ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனியாக, அதே சாயம் மட்டும் இட்ட குழாய் ஒன்று வேண்டும். அது மாதிரியைவிட மங்கலாக இருந்தால் கணக்குப் பிழைக்கும். பி.ஈ.-சை7 போன்ற, இரு சாயங்களைப் பிணைத்த இணைசாயங்கள் வெளிச்சத்தில் சிதைந்து பி.ஈ.யாகவே ஒளிரும். அப்போது இல்லாத கலவகை ஒன்று திரையில் தோன்றும். புதிய கண்டுபிடிப்பு என்று நம்பி ஏமாந்துவிடக் கூடாது. இவற்றை உறைய வைக்கவும் வேண்டாம், 4 பாகை போதும். இறந்த கலங்கள் எதையும் ஒட்டிக்கொள்ளும். இரசாயனத்தால் நிலைப்படுத்தாத மாதிரியில் 7-ஏ.ஏ.டி. என்ற சாயம் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

பிறபொருளெதிரியின் குளோன் பெயரை, அதாவது அது எந்தக் கலவழியில் உருவானது என்ற அடையாளத்தை, குறித்துக்கொள்வதும் பழக்கமாகட்டும். ஹேர்சன்பேர்க் குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் கலம் பிரிக்கும் இயந்திரத்தைச் செய்த பிறகு, 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒற்றைக்குளோன் பிறபொருளெதிரியை உருவாக்கியதால்தான் இந்த முறை இவ்வளவு துல்லியமானது. டி நிணநீர்க்கலங்களின் அடையாளப் புரதமான சீ.டி.3க்கே ஓ.கே.டி.3, யூ.சி.எச்.டி.1 என்று வெவ்வேறு குளோன்கள் உண்டு. வெறுமனே 'சீ.டி.3' என்று எழுதினால் இன்னொருவரால் உங்கள் வேலையைத் திருப்பிச் செய்ய முடியாது.

வீட்டில் மடிகணினி இருந்தால் புள்ளிவிவரக் கணிப்புக்கான ஆர் மொழியும், இந்த இயந்திரத்தின் தரவைப் படிக்கும் அதன் ஃப்ளோகோர் தொகுப்பும் இலவசம். பொதுவில் கிடைக்கும் எஃப்.சி.எஸ். கோப்பு (இயந்திரம் தரும் தரவுக் கோப்பு) ஒன்றை எடுத்து, ஒளித்துடிப்பின் பரப்பளவு-உயர வரைபடத்தில் ஒட்டியபடி ஓடிய இரட்டைக் கலங்களை நீக்கி, உயிர்க்கலங்களையும் பிறகு நிணநீர்க்கலங்களையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் காரணம் எழுதி வைத்தால், விண்ணப்பத்தோடு அந்தப் பக்கங்களை இணைக்கலாம். சான்றிதழைவிட அதைத்தான் கவனமாகப் படிப்பார்கள்.