கேளுங்கள், டாக்டர் பதில் சொல்கிறார்

கேள்வி: எங்கள் பெட்டைக் குதிரைக்குப் பிரசவத்தில் குட்டியின் முன்கால் மடங்கிச் சிக்கிக்கொண்டது. டாக்டர் வந்து எடுத்தபோது குட்டிக்கு உயிரில்லை. தாய் கனைத்துக்கொண்டே இருக்கிறது, மடியும் கட்டியிருக்கிறது. பாலைக் கறந்துவிடலாமா?
வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: பதினோரு மாதம் காத்திருந்த குட்டி. படித்ததும் மனசு கனத்துவிட்டது. தம்பி, உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். மாட்டைப் போல அல்ல, பனிக்குடம் உடைந்து அரை மணி நேரத்துக்குள் குதிரைக்குட்டி வெளியே வந்தாக வேண்டும். கால் மடங்கினால் கைதேர்ந்த டாக்டருக்கும் அந்த நேரம் போதாது.

சரி, இப்போது தாயைப் பார்ப்போம். கறக்க வேண்டாம், கறந்தால் மறுபடி சுரக்கும். கொள்ளையும் தவிட்டையும் குறைத்துப் புல் மட்டும் போடுங்கள், மெல்ல நடத்துங்கள். மடி சூடாகி வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்குப் பெரிய கவலை நஞ்சுக்கொடிதான். மூன்று மணி நேரத்துக்குள் அது முழுசாக விழுந்திருக்க வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் விஷமேறிக் குளம்பு வரை பாதிக்கும். காய்ச்சலோ, குளம்பில் சூடோ, நடக்கத் தயக்கமோ தெரிந்தால் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தகவல் சொல்லுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கனைப்பு சில நாளில் அடங்கும். அதுவரை பழகிய குதிரை ஒன்றைப் பக்கத்தில் கட்டுங்கள்.