50 சதவீத எஃகு வரி: பட்டியலில் புதுப் பொருளைச் சேர்க்கக் கோரும் மனு – கேள்வி பதில்

1962ஆம் ஆண்டு வர்த்தக விரிவாக்கச் சட்டத்தின் 232ஆம் பிரிவில் அமெரிக்கா எஃகு, அலுமினியம் இறக்குமதிக்கு விதிக்கும் வரி, பிரிட்டன் தவிர மற்ற நாடுகளுக்கு, 2025 ஜூன் 4 முதல் 50 சதவீதம் ஆனது. இந்த உலோகங்களால் செய்த பொருட்களையும் வரிப் பட்டியலில் சேர்க்க மனு போட 2025இல் வழி வைத்தார்கள். பதில்கள் எல்லாம் 2025இல் இருந்த விதிகளின்படி.

கேள்வி (ஒஹாயோ): எங்கள் ஆலை செய்யும் பொருள் பட்டியலில் இல்லை. மனுவை எப்போது, யாரிடம் கொடுப்பது?

அமெரிக்க வணிகத் துறையின் தொழில், பாதுகாப்புப் பிரிவுக்கு (BIS) மின்னஞ்சலில் அனுப்புங்கள். மே, செப்டம்பர், ஜனவரி மாதங்களில் தலா இரண்டு வாரம் வாங்குவார்கள் என்பது 2025 விதி. அந்தப் பொருளை அமெரிக்காவில் தயாரிப்பவரோ, தொழில் சங்கமோதான் மனு போட முடியும்.

கேள்வி: மனுவில் என்னென்ன வேண்டும்? எங்கே சறுக்கும்?

பொருளின் 8 அல்லது 10 இலக்க சுங்கக் குறியீடு, துல்லியமான விவரம், அது ஏன் எஃகு அல்லது அலுமினியப் பொருளாகக் கருதப்பட வேண்டும் என்ற காரணம், இறக்குமதி மற்றும் உள்நாட்டு உற்பத்திப் புள்ளிவிவரம், இறக்குமதியால் தேசப் பாதுகாப்புக்கோ இந்த வரியின் நோக்கத்துக்கோ வரும் கேடு.

கடைசி அம்சத்தில்தான் பல மனுக்கள் வலுவிழக்கின்றன. "வெளிநாட்டுச் சரக்கு மலிவு, எங்கள் விற்பனை படுத்துவிட்டது" என்று மட்டும் எழுதினால் போதாது. தகடாக வந்தால் வரி என்பதால் அதையே பொருளாகச் செய்து அனுப்புகிறார்கள், அதனால் உள்நாட்டு உருக்காலைக்கு இத்தனை டன் தேவை குறைகிறது என்று கணக்குக் காட்டுங்கள்.

அடுத்து, குறியீடு. "மற்றவை" என்று முடியும் அகலமான குறியீட்டைக் கேட்டால் சம்பந்தமில்லாத சரக்கும் அதில் மாட்டும். அதை வாங்குகிற எல்லோரும் எதிர்த்து எழுதுவார்கள். 10 இலக்கத்தில் பொருந்துவது இருந்தால் அதையே கேளுங்கள்.

கேள்வி (கோவை): நாங்கள் அனுப்பும் பம்பு பாகத்தைச் சேர்க்கச் சொல்லி யாரோ மனு போட்டிருக்கிறார்கள். எதிர்க்கலாமா சார்?

தாராளமாக. மனு, பொதுமக்கள் கருத்துச் சொல்லும் அமெரிக்க அரசுத் தளமான ரெகுலேஷன்ஸ்.கவ்வில் வெளியானதிலிருந்து 14 நாள் அவகாசம். மனு கிடைத்த 60 நாளுக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்பதால் இடையில் கெஞ்சிப் பலனில்லை. உங்களிடம் வாங்கும் அமெரிக்க நிறுவனத்தையும் எழுதச் சொல்லுங்கள். அங்கே இது தயாராவதில்லை, அல்லது போதவில்லை என்பதை அவர்கள் சொன்னால்தான் எடுபடும். 2025 ஆகஸ்ட் 18 அன்று 407 குறியீடுகள் ஒரே மூச்சில் பட்டியலில் சேர்ந்தன. கடலில் இருந்த சரக்குக்கும் சலுகை இல்லை. வாகன உதிரிபாகங்களுக்கு நடைமுறை வேறு.

கேள்வி: சேர்ந்துவிட்டால் வரி முழு விலைக்கா?

2025 விதிப்படி, சுங்க அட்டவணையின் 73 (எஃகுப் பொருட்கள்), 76 (அலுமினியம்) ஆகிய அத்தியாயங்களுக்கு வெளியே இருக்கும் பொருளுக்கு உலோகத்தின் மதிப்புக்கு மட்டும். 100 டாலர் பொருளில் எஃகு 30 டாலர் என்றால் வரி 15 டாலர். மீதி 70க்குப் பொருந்தும் மற்ற வரிகள் தனி. எஃகின் மதிப்பு தெரியாவிட்டால் முழு 100க்கும் போட்டு 50 டாலர் வாங்கிவிடுவார்கள். எஃகு வாங்கிய விலைப்பட்டியலைப் பொருள்வாரியாகப் பிரித்து இறக்குமதியாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். சுங்கப் பதிவில் எஃகுப் பங்கையும் மற்றதையும் இரண்டு தனிப் பதிவாகக் காட்ட அது தேவை.

கேள்வி: விலக்கு கேட்க வழியே இல்லையா?

பொருள்வாரி விலக்கு மனுக்களை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் உருக்கி வார்த்த எஃகை வாங்கி, இந்தியாவில் பொருளாக்கி அனுப்பினால் 2025 விதிப்படி 232 வரி கிடையாது. உருக்கிய நாடு குறிப்பிட்ட ஆலைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.