சேணம் போட வந்தாலே கடிக்கும் குதிரை: முதுகுப் புண்ணுக்கு என்ன செய்வது?

கேள்வி: ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் குதிரைச் சவாரி விடுகிறேன், கூடவே நான்கு கறவை மாடும் உண்டு. என் மட்டக்குதிரைக்கு வயது 9. சீசனுக்கு முன்பு பழைய சேணம் ஒன்றை வாங்கிப் போட்டேன். ஒரு மாதமாகச் சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே காதை மடித்துக்கொண்டு கடிக்க வருகிறது. இறக்கத்தில் நின்றுவிடுகிறது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், இடது பக்கம், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து புண்ணாகியிருக்கிறது. கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டும் அதிகமாகத்தான் ஆகிறது. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: உங்கள் குதிரைக்குக் குணம் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதற்கு முதுகு வலிக்கிறது. இறக்கத்தில் சேணம் முன்னால் சரிந்து அந்தப் புண்ணிலேயே போய் முட்டும், அதனால்தான் நிற்கிறது.

கம்பளியை மடித்துப் போட்டது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் சேணம் குறுகலாக இருந்தால், அடியில் துணி சேரச் சேர இறுக்கம் கூடும். பத்தாத செருப்புக்குள் பஞ்சு வைத்த கதைதான்.

இன்றைக்கே சவாரியை நிறுத்துங்கள். சீசன் நேரத்தில் இது வயிற்றில் அடிக்கிற பேச்சு என்று தெரியும். ஆனாலும் புண்ணோடு வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், இப்போது மூன்று வாரத்தில் மூடக்கூடிய புண் இன்னும் பத்து நாள் ஓட்டினால் மூன்று மாதம் இழுக்கும்.

புண்ணைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஒன்றரை டீஸ்பூன் உப்புக் கலந்து, தினம் இரண்டு வேளை கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடினைப் பால் விடாத லேசான டீயின் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஒற்றி எடுத்தால் போதும். ஈ வராமல் இருக்கப் புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவலாம், உள்ளே விட வேண்டாம். எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் கிட்டேயே வரக்கூடாது. ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். கால்நடைகளிலேயே குதிரைக்குத்தான் அந்த நோய் சட்டென்று பிடிக்கும், பிடித்தால் பிழைப்பது கஷ்டம்.

வலி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். டைக்ளோபினாக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2006 முதல் தடை இருக்கிறது. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்றால் பாறு கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். மிச்சமிருக்கும் பாறு கழுகுகளில் ஒரு கூட்டம் உங்கள் மலைக்குக் கீழே மோயாறு பள்ளத்தாக்கில்தான் வாழ்கிறது. எது தேவை என்று மருத்துவர் சொல்லட்டும், 1962-க்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும்.

மாடு வைத்திருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று. அந்த மேடு முழுவதும் வீங்கி, தொட்டால் சுட்டு, உள்ளே நீர் கோர்த்ததுபோல் இருந்தால் கத்தியோ ஊசியோ வைத்துவிடாதீர்கள். மாடுகளில் கன்று வீச்சை உண்டாக்கும் புரூசெல்லா கிருமி, மாடுகளோடு இருக்கும் குதிரைக்கு அந்த இடத்தில் சீழ் கட்ட வைப்பதுண்டு. அந்தச் சீழ் கையில் பட்டால் மனிதருக்கும் தொற்றும்.

இனிச் சேணத்துக்கு வருகிறேன், வேரே அங்கேதான் இருக்கிறது. புண் ஆறிய பிறகு, கம்பளி இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்து, வாரைக் கட்டாமல் பாருங்கள். மேட்டுக்கும் சேணத்தின் வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முதுகெலும்புக்கு மேலே வெளிச்சம் தெரிய வேண்டும். தோள்பட்டை எலும்பு ஒவ்வொரு அடிக்கும் பின்னால் நகரும், அதன்மேல் சேணம் ஏறி உட்காரக்கூடாது. பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டவும் கூடாது. அப்புறம் உள்ளங்கையைச் சேணத்தின் திண்டுக்கு, அதாவது முதுகில் படும் மெத்தைக்கு, அடியில் விட்டு, முன்னிருந்து பின்வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் இறுகி, நடுவில் கை சும்மா போய்வந்தால் அந்தச் சேணம் பாலம்போல் நிற்கிறது என்று அர்த்தம், பாரம் முழுவதும் நான்கு முனைகளில்தான் இறங்கும். பழைய சேணத்தில் உள்ளே அடைத்த கம்பளி உருண்டை உருண்டையாகக் கட்டியிருப்பதும் சகஜம். அதைப் பிரித்து அடைத்துவிடலாம். உள்ளிருக்கும் மரச்சட்டமே குறுகலாக இருந்தால் அந்தச் சேணம் இந்தக் குதிரைக்கு ஆகாது, என்ன செய்தாலும் ஆகாது.

புதிதாக வாங்கும்போது குதிரையைக் கடைக்குக் கூட்டிப்போக முடியாது, அளவை எடுத்துப் போகலாம். தடிமனான மின்கம்பி ஒரு முழம் போதும். தோள்பட்டைக்கு இரண்டு விரல் பின்னால் முதுகின் குறுக்கே வைத்து அழுத்தி, வளைந்த வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கான்பூரிலிருந்து வரும் சேணங்கள் பலவும் உயரமான குதிரைக்குத் தைத்தவை. மட்டக்குதிரையின் முதுகு அகலமாகவும் மேடு தணிந்தும் இருக்கும். மழைக்காலத்தில் மெலிந்து, புல் வந்ததும் உடம்பு போடும் குதிரை என்றால் அட்டையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

இடது பக்கம் மட்டும் புண் என்கிறீர்களே, எல்லோரும் இடது அங்கவடியில் கால் வைத்துத் தொங்கித்தானே ஏறுகிறார்கள்? ஒரு கல்லோ மரப்படியோ போடுங்கள். இறக்கத்துக்கு, சேணத்திலிருந்து வாலுக்கு அடியில் சுற்றிவரும் வாலடி வாரும் கட்டினால் சேணம் முன்னே ஓடாது.

தோல் மூடியதும் அவசரப்பட வேண்டாம். முடி முளைத்து, முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்தினால் நெளியாமல் நிற்கும்வரை சேணம் வேண்டாம். ஆறு வாரம் என்று மனதில் கணக்கு வையுங்கள். அதுவரை கையில் பிடித்துத் தினம் அரை மணி நேரம் நடத்துங்கள். உங்கள் ஊரில் கேரட்டுக்குப் பஞ்சமா? ஒரு துண்டைக் காட்டிக் கழுத்தை மார்பு வரை, முழங்கால் வரை, அப்புறம் இரு பக்க விலா வரை வளைக்க வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி, ஐந்து முறை. முதுகெலும்பை ஒட்டிய சதை பலப்பட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

திரும்பச் சவாரி தொடங்கும்போது எடையைப் பாருங்கள். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 150 செ.மீ., தோள்முனையிலிருந்து பிட்டம் வரை நீளம் 145 செ.மீ. என்றால், 150-ஐ 150-ஆல் பெருக்கி, அதை 145-ஆல் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் சுமார் 275 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சேணத்தையும் சேர்த்து 55 கிலோதான் அதற்குப் பாரம். முதல் இரண்டு வாரம் பிள்ளைகளை மட்டும் ஏற்றுங்கள். இறக்கியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். எல்லா இடமும் நனைந்திருக்க ஒரு இடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அங்கே இன்னும் அழுத்துகிறது.

அந்தப் பழைய சேணத்தை இடையில் வேறு குதிரைக்குப் போட்டிருந்தால், அதன் முதுகையும் இன்று மாலையே தடவிப் பார்த்துவிடுங்கள்.