புயல் கோடு ஆந்திராவைக் காட்டினால் கடலூர்க்காரர் கடலுக்குப் போகலாமா?

கேள்வி: எங்களிடம் இரண்டு ஃபைபர் படகுகள் உள்ளன. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்றதும் மகன் விண்டி என்ற வானிலை ஆப்பைத் திறக்கிறான். அதில் அமெரிக்க மாடல் (கணினி போடும் கணிப்பு) புயல் ஆந்திரா போகும் என்கிறது, ஐரோப்பிய மாடல் கடலூர் என்கிறது. கடலில் அளவுக்கருவிகளோடு நிற்கும் மிதவையிலோ காற்று மணிக்கு 28 கிலோமீட்டர்தான். எதை நம்புவது? (வாசகர், கடலூர்)

பதில்: மீன்வளத் துறை போகக் கூடாது என்று அறிவித்துவிட்டால் ஆப்பைத் திறக்கவே வேண்டாம், கதை அதோடு முடிந்தது. நீங்கள் கேட்பது அதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாளைப் பற்றி என்று வைத்துக்கொள்கிறேன்.

மாடல் வரையும் அந்தக் கோடு புயலின் மையம் போகும் வழியை மட்டும் காட்டுகிறது. படகு கவிழ மையம் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா பக்கம். சென்னை அதற்கு முந்தைய நாளே மூழ்கிவிட்டது. ஆகவே 'ஆந்திரா' என்று பார்த்ததும் மகன் நிம்மதியாகிவிட வேண்டாம்.

இந்த மாடல்கள் ஒரு நாளைக்கு நான்கு முறை புதிதாகக் கணக்குப் போடுகின்றன. எந்த மாடல் சரி என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, நேற்றைய கோட்டையும் இன்றைய கோட்டையும் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் தெற்கே இறங்கி வருகிறதா? இரண்டு மாடலும் ஒன்றையொன்று நெருங்குகின்றனவா? அப்படியானால் உங்களுக்குத்தான் சேதி. அமெரிக்க மாடல் 16 நாள் வரை படம் போடும். யூடியூப்காரர்களுக்குப் பிழைப்பே அதுதான். ஐந்து நாளைத் தாண்டிய புயல் கோட்டை யார் காட்டினாலும் பார்க்காதீர்கள். இன்னொரு கூட்டம் 'ஐரோப்பிய மாடல் தருகிறோம்' என்று வாட்ஸ்அப் குழுவுக்குச் சந்தா கேட்கும். உங்கள் மகன் காசு கொடுக்காமல் பார்க்கும் அதே படம்தான் அது.

இனி மிதவை. அதன் காற்றுமானி கடலுக்குமேல் சுமார் 3 மீட்டரில் இருக்கிறது. வானிலை அறிக்கை சொல்வது 10 மீட்டர் உயரக் காற்றை. மிதவையில் குறைவாகத்தான் தெரியும். அதோடு, மிதவை நிற்பது நடுக்கடலில், உங்கள் வலை கிடப்பது வேறு இடத்தில். அதனால் காற்று வேகத்தை விட்டுவிட்டு, மிதவை காட்டும் காற்றழுத்தத்தைப் பாருங்கள். நம் பக்கம் அழுத்தம் தினமும் தானாகவே காலை பத்து மணிவாக்கில் ஏறி, மாலை நான்கு மணிவாக்கில் மூன்று மில்லிபார் அளவுக்கு இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நேற்று இதே நேரத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். அதைவிட மூன்று மில்லிபார் குறைந்திருந்தால் படகை மேட்டில் ஏற்றுங்கள். மிதவை நேரம் பெரும்பாலும் கிரீன்விச் கணக்கில் வரும். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். மீனவருக்காக மிதவை விட்டவர்களுக்கு அதை இந்திய நேரத்தில் போட இத்தனை வருடமாக மனசு வரவில்லை. அவசரத்தில் பார்த்தால் சில மிதவை மௌனமாக வேறு இருக்கும். அதில் அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. மிதவையைச் சுற்றி மீன் கூடுகிறது என்று அதில் கயிறு கட்டி, ஒயரை அறுத்துவிட்டு வருபவர்கள் யார் என்று நமக்கே தெரியும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்காதீர்கள். பலத்த காற்று திடீரென்று விழுந்து, அழுத்தமும் அடிமட்டத்தில் இருந்தால் புயல் போய்விட்டது என்று பொருளல்ல, மிதவை மையத்துக்குள் மாட்டியிருக்கிறது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அறையும். புயல் விலகுகிறது என்றால் காற்றும் குறைய வேண்டும், அழுத்தமும் ஏற வேண்டும். காற்று குறைந்து, அழுத்தம் ஏறவில்லை என்றால் நகராதீர்கள். கரையில் இருப்பவருக்கும் இதே கணக்குதான். 'விட்டுடுச்சு' என்று படகைப் பார்க்க ஓடுபவர்கள் மாட்டுவது இந்த இடைவெளியில்தான்.

அலை உயரத்திலும் பொறி இருக்கிறது. மிதவை தருவது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் இரண்டு மடங்கு எழலாம். 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது மெக்சிகோ வளைகுடாவில் 42040 எண் மிதவை 16.91 மீட்டர் காட்டியது, அதுவும் சராசரிதான். உங்கள் திரையில் 2 மீட்டர் என்றால், ஃபைபர் படகின்மேல் 4 மீட்டர் வரலாம் என்று படியுங்கள்.

கடைசியாக ஏலக்காரர். புயலுக்கு முன் வரத்து குறைந்து விலை ஏறும். முன்பணம் கொடுத்தவர் 'பக்கத்து ஊர்ல எல்லாரும் போயிட்டாங்க' என்று போன் செய்வார். போன படகின் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.