பரங்கிப்பேட்டையில் இரும்பாலை இருந்ததாமே, உண்மையா? ஏன் மூடினார்கள்?

உண்மைதான். சென்னையிலிருந்து சிதம்பரம் போகிறவர்கள், பக்கத்திலேயே வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரை மீனுக்காகத்தான் நினைப்பார்கள். ஆனால் 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அங்கே இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலை வைத்தார். பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துவரை கப்பலேறியது.

கோளாறு இடத்தில் இருந்தது. தாது கிடைத்ததோ சேலம் பக்கம். அதைப் பரிசலில் ஏற்றிக் காவிரி வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வற்றினால் பரிசல் எப்படி ஓடும்? நிலக்கரியும் கிடையாது, எல்லாம் மரக்கரி. அம்பத்தூரில் என் நண்பரின் வார்ப்புப் பட்டறையில் ஒரு முறை உலை மூட்டிப் பார்த்தவன் நான்: கூடை கூடையாகக் கோக் கரி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே இரும்பாக இருப்பதை உருக்கவே அவ்வளவு கரி. தாதுவிலிருந்து இரும்பைப் பிரிப்பதென்றால் பல மடங்கு வேண்டும். சுற்றுக்காடுகள் எத்தனை நாள் தாங்கும்? அரசுக் கடனும் சேர்ந்துகொண்டது. 1853-இல் வேறொரு கம்பெனி கைக்குப் போய், 1860-களில் உலை அணைந்தது.

ஹீத்துக்கு அதிர்ஷ்டமே இல்லை. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர எஃகு ஆலைகள் அதைச் சற்றே மாற்றிப் பயன்படுத்திக்கொண்டன. அதை எதிர்த்து அவர் போட்ட வழக்கு முடியும் முன்பே, 1851-இல், இறந்துபோனார்.