பசித்தவரின் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓவியர் சித்தப்பிரசாத் வரைந்த வங்கப் பஞ்ச ஓவியங்களை அண்மையில் பார்த்துக் கண்ணீர் விட்டேன். ஆனாலும் ஒரு கேள்வி. சாகக் கிடப்பவர் முன்னால் உட்கார்ந்து படம் வரைவது கருணையாகுமா? இவற்றில் நம்பிக்கை எங்கே இருக்கிறது? அவர் கோடுகளில் ஐரோப்பியப் பாதிப்பு உண்டா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஐரோப்பியப் பாதிப்பை ஆய்வாளர்களிடம் விட்டுவிடுவோம். உங்கள் கண்ணீரை நான் ஐயுறவில்லை. ஆனால் நீங்கள் பார்த்த மனிதர்களில் ஒருவரின் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை என்பது என்னை வருத்துகிறது. சில நாட்களாக நான் எண்ணிக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

1943 நவம்பரில், பஞ்சம் வாட்டிய வங்கத்தின் மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்ற சித்தப்பிரசாத், கறுப்பு மையில் தாம் வரைந்த பலரின் பெயரையும், அவர்களுக்கு நேர்ந்ததையும் படத்தோடு சேர்த்தே எழுதிவைத்தார். பெயரை எழுத வேண்டுமானால் கேட்க வேண்டும். கேட்பதற்கு அருகில் உட்கார வேண்டும். தொண்டை வறண்டவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பல லட்சம் பேர் மாண்ட பஞ்சத்தில், எண்ணிக்கைக்குள் கரைந்துபோயிருக்க வேண்டிய ஒருவர் தம் பெயரோடு காகிதத்தில் நின்றுவிடுகிறார். 'முன்னால் உட்கார்ந்து' என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! அப்படி உட்கார அன்று எத்தனை பேர் முன்வந்தார்கள்? அந்தப் படங்களும் குறிப்புகளும் சிறுநூலாக வந்தபோது ஆங்கில அரசு படிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. எலும்புக்கூடுகளைக் காட்டிலும் அந்தப் பெயர்களுக்கே அது அஞ்சியது என்று நான் நினைக்கிறேன், பெயருள்ளவர் சாட்சியாகிவிடுகிறார்.

என் தந்தை இறுதி நாட்களில் ஒரு மருத்துவமனையில் இருந்தபோது, எல்லோரும் அவரை 'ஏழாம் படுக்கை' என்றே குறிப்பிட்டார்கள். தரை துடைக்க வந்த அம்மாள் ஒருவர் மட்டும் என்னிடம் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் முதல் அதைச் சொல்லியே அழைத்தார். பேச்சு நின்றுபோயிருந்த அப்பா அந்தக் குரலுக்கு மட்டும் தலையைத் திருப்புவார். சித்தப்பிரசாத்தின் படங்களை நான் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திரும்பல்தான் நினைவுக்கு வருகிறது.

நம்பிக்கையைக் கேட்டீர்கள். நிலமும் பிள்ளைகளும் போனபின்பும், முன்பின் அறியாத ஒருவரிடம் 'நான் இன்னார்' என்று சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

படங்களை மீண்டும் எடுங்கள். இம்முறை முகத்தைப் பார்ப்பதற்கு முன் அங்கே எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரு பெயரோடு எனக்கு மறுபடியும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.